வலது காதுல மாடசாமி

கொஞ்சம் இந்த ஜன்னல் பக்கம் மாறி உக்காந்துக்கிடுதியளா அண்ணாச்சி? காத்து நல்லா வரும். எனக்கு இடது பக்கம் ஆள் இருந்தாதான் பேச்சு சரியா விழும். வலது பக்கம் இருந்து பேசுனியன்னா பாதிதான் வந்து சேரும். வலது காது இப்ப ஆள் குடியிருக்கிற வீடு மாதிரி, பாத்துக்கிடுங்க. உள்ள ஒருத்தர் இருக்காரு. அவரைத் தாண்டித்தான் எதுவும் வரணும்.

சத்தமாப் பேசுதேனா? கண்டக்டர் இப்பதான் கேட்டுட்டுப் போறாரு, தம்பி என்ன மைக்கை முழுங்கிட்டியான்னு. மேளக்காரன் பேச்சு அப்படித்தான் அண்ணாச்சி. எங்க ஆவுடை மாமா வீட்டுக்குள்ள உப்பு கேட்டா அடுத்த தெருவுல இருந்து உப்பு வரும்.

நான் கொம்பையா. நையாண்டி மேளத்துல பம்பை அடிக்கேன். இடுப்புல ரெண்டு உருளை தொங்கும்லா, குச்சியால அடிச்சா 'ங்கிர்ர்'னு உறுமும்லா, அதுதான். மாமாவுக்குத் தவுல். மாமாதான் எங்க செட்டுக்குத் தலைவர். ஒட்டங்குளம் மாடசாமி கோயில்ல கொடைவிழா, இன்னைக்கு மத்தியானம் உச்சிக்கொடை. மேளம் எங்க மேளம்தான். செட்டு காலையிலயே வேன்ல போயிட்டு. நான் மட்டும் பஸ்ல போறேன். ஏன்னா நான் இன்னைக்கு அடிக்கப் போகல. ஒப்படைக்கப் போறேன்.

என்னத்தன்னா கேக்கிய? சாமியைத்தான்.

சிரிக்காதிய அண்ணாச்சி. எம்பொண்டாட்டியும் முதல்ல இப்படித்தான் சிரிச்சா. இப்ப சிரிக்கது இல்ல.

முதல்ல இருந்து சொல்லுதேன், உங்களுக்கு இறங்குறதுக்கு நேரம் இருக்குல்லா? சாமி எப்படி வரும்னு நினைக்கிய? காது வழியாத்தான் வரும். வேற வழி கிடையாது. எங்க தொழிலே அந்தக் கதவைத் தட்டுறதுதான். சாமிகொண்டாடி, அதான் சாமி வந்து ஆடுற ஆளு, குளிச்சு, மணி வச்ச சல்லடத்தை அரையில கட்டி, குல்லா வச்சி, பீடத்துக்கு முன்னால வந்து நிப்பாரு. நாங்க சுத்தி நிப்போம். முதல்ல தள்ளி நின்னு மெதுவா வாசிப்போம். பொறவு ஒரு எட்டு உள்ள போவோம். பொறவு இன்னொரு எட்டு. கடைசில அவரு தலை நடுவுல இருக்கும், இந்தக் காதுக்குப் பம்பை, அந்தக் காதுக்குத் தவுல், உச்சியில நாயனம். ஒரு இடத்துல அந்தத் தலை லேசா ஒரு வெட்டு வெட்டும். அவ்வளவுதான், வந்தாச்சு. அந்த நேரத்துல நமக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும் பாருங்க. நம்ம அடியில ஒருத்தர் வந்து இறங்குதாருல்லா. அதுக்கு எதையும் கொடுக்கலாம்னு இருக்கும்.

ஒட்டங்குளத்துல ரொம்ப காலமா வெள்ளப்பாண்டின்னு ஒருத்தர்தான் சாமிகொண்டாடி. அவருக்கு நாங்க ரெண்டு தட்டு தட்டுனாப் போதும், துள்ளிருவாரு. அவரு காலமாயிட்டாரு. போன வருசம் அவரு மகன் லிங்கதுரை வந்து நின்னான். ஒசூர்ல ஒரு ஃபேக்டரியில பிரஸ் மெசின்ல நிக்கான். நல்ல பையன், என் வயசுதான். வேட்டி கூட சரியா கட்டத் தெரியாது, ஊரே பார்த்துக்கிட்டு நிக்கு.

அடிச்சோம். வரல.

ஒரு எட்டு உள்ள போனோம். வரல. இன்னொரு எட்டு. கல்லு மாதிரி நிக்கான் அண்ணாச்சி. கண்ணு மட்டும் இங்கயும் அங்கயும் ஓடுது. மாமாவுக்கு வேர்த்துட்டு. மேளம் அடிச்சுச் சாமி வரலன்னா அது சாமிகொண்டாடிக்குக் கேவலம் இல்ல, மேளக்காரனுக்குத்தான் கேவலம். பொம்பளையெல்லாம் குலவை போட்டுப் போட்டு தொண்டை கட்டிப்போச்சு. தர்மகர்த்தா வந்து மாமா காதுல என்னவோ சொல்லுதாரு. மாமா என்னையப் பார்த்து, "ஏ லே கொம்பையா, என்ன லே தடவிக் குடுக்க? பிள்ளையத் தாலாட்டவா வந்திருக்க? காதுல போய் அடி லே"ன்னாரு.

போனேன். பம்பையை நெஞ்சு மட்டத்துக்கு ஏத்திக் கட்டியிருக்கேன், அவன் காதுக்கும் என் பம்பைக்கும் நடுவுல ஒரு கை கூட நுழையாது. எனக்கு வலது பக்கம் மாமா தவுல். கூட்டம் நெருக்குது, மாமாவுக்கு நிக்க இடம் இல்ல, ஒரு திண்டு மேல ஏறி நிக்காரு, தவுலோட வளந்தலை எங்காதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. விரல்ல கூடு மாட்டி அடிக்கிற பக்கம் அண்ணாச்சி அது, கல்லுல கல்லு மோதுற மாதிரி விழும். உச்சி வெயில் சாஞ்சு பொழுது அடையப் போகுது, அப்பவும் விடல. கைத்தோல் கிழிஞ்சு குச்சி வழுக்குது. ஒரு கட்டத்துல எனக்குச் சத்தமே கேக்கல, நெஞ்சுக்குள்ள மட்டும் குத்துது. மாமா வாய் அசையுது, சத்தம் இல்ல. அப்பதான் லிங்கதுரை ரெண்டு குதி குதிச்சான். ஒப்புக்குக் குதிச்சான். குறி ஒண்ணும் சொல்லல. ஊர்க்காரங்க முகத்துல ஈ ஆடல. இது சாமி இல்ல, நடிப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

எல்லாம் முடிஞ்சு கோயிலுக்குப் பின்னால தொட்டியில முகம் கழுவப் போனேன். அங்கன லிங்கதுரை தனியா நிக்கான். தலையைச் சாய்ச்சு, காதுக்குள்ள இருந்து என்னத்தையோ பிடுங்குதான். ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி ஒண்ணு. இந்தக் காதுல இருந்து ஒண்ணு, அந்தக் காதுல இருந்து ஒண்ணு.

அவங்க ஃபேக்டரியில குடுக்கிறதாம். இயர் பிளக்கு. மெசின் சத்தத்துக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு அவனைத் தொட்டியிலயே முக்கியிருப்பேன். நாங்க கை கிழிய அடிச்சது பூராவும் ரப்பர் பஞ்சுல போய் விழுந்திருக்கு. ஆனா அவன் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டான் அண்ணாச்சி. சொன்னதுல பாதிதான் எனக்கு விழுந்துது, பொறவு ஃபோன்ல மறுபடியும் சொன்னான். அவனுக்குச் சாமின்னா பயமாம். சின்னப்பிள்ளையில அவங்க அப்பா ஆடிக்கிட்டு இருக்கும்போது 'அப்பா'ன்னு ஓடிப்போய்க் காலைக் கட்டிப்பிடிச்சிருக்கான். அவரு குனிஞ்சு பார்த்தாராம். பார்த்துட்டு, யாருன்னே தெரியாத மாதிரி எட்டி உதறிட்டுப் போயிட்டாராம். "எனக்கு அந்தப் பார்வை மறக்கல கொம்பையா. எனக்கும் மகன் பிறந்திருக்கான். பெத்த பிள்ளை கூப்பிடுறது தெரியாத நிலைமை எனக்கு வேண்டாம்"ன்னான்.

நான் சொன்னேன், அது ஒரு கொடுப்பினை லே, உனக்கு ராசி இல்லன்னு. அவன் பையில இருந்து புதுசா ஒரு சோடி எடுத்து என் கையில வச்சான். "எனக்கு வருசத்துல ஒருநாள். உனக்குத்தான் தினமும் வேணும்"ன்னான். எனக்கு எதுக்கு? மேளக்காரன் காதை அடைச்சிக்கிட்டு மேளம் அடிக்கது, கண்ணைக் கட்டிக்கிட்டு வேன் ஓட்டுற மாதிரில்லா.

சரி, அதுக்குப் பொறவுதான் விசயமே.

வீட்டுக்கு வந்து படுத்தேன். 'ங்ங்ங்ங்'. கொடை முடிஞ்சா காது கூவும், எல்லாருக்கும் உள்ளதுதான். காலையில எந்திச்சா போயிரும். எந்திச்சேன். 'ங்ங்ங்ங்'. சாயந்தரம் போயிரும்னு பார்த்தேன். இன்னா, இப்ப உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன், அடுத்த கொடை வந்துட்டு, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. பஸ் எஞ்சினுக்கு மேல கேக்கு. வெள்ளி மணியை ஒரு தட்டு தட்டிட்டு, அது ஓயும்லா, அந்த ஓயுற இடத்துல நிப்பாட்டி வச்ச மாதிரி.

மாமாட்டச் சொன்னேன். "எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து கூவுது. வெத்தலையப் போட்டுட்டுப் பேசாம இரு லே"ன்னாரு. மாமாவுக்கு உள்ளது வெறும் கூவல் அண்ணாச்சி. என்னோடது அப்படி இல்ல. நான் யோசிச்சுப் பார்த்தேன். அன்னைக்கு நாங்க அடிச்ச அடிக்குச் சாமி வராம இருந்திருக்க முடியாது. வந்திருக்காரு. வந்து லிங்கதுரை காதுகிட்ட நின்னிருக்காரு. கதவு அடைச்சிருக்கு. ரப்பர் பஞ்சு. பக்கத்துல யாரு நிக்கா? நான் நிக்கேன். என் காது திறந்து கிடக்கு. நீங்களா இருந்தா என்ன செய்விய? மழைக்கு ஒதுங்குறவன் பூட்டுன வீட்டு வாசல்லயா நிப்பான்?

இதை எம்பொண்டாட்டி மாரிச்செல்விட்டச் சொன்னேன். அவ அப்ப மாசமா இருந்தா. இட்லிக்கு மாவு ஆட்டிக்கிட்டு இருந்தவ கிரைண்டரை நிப்பாட்டிட்டுக் கேக்கா, "சாமின்னா ஒரு வார்த்தையாவது பேசாதா? வாக்கு சொல்லாதா? ஒரே சத்தத்தையா நாள் பூரா போட்டுக்கிட்டு இருக்கும்? கரண்டு கம்பமா அது?"

எனக்குச் சிரிப்பு வரல. கிரைண்டரைப் போடு முதல்லன்னேன். கிரைண்டர் ஓடுனா கொஞ்சம் நல்லா இருக்கும் எனக்கு. அது அடங்கிருச்சுன்னா இது எந்திச்சு உக்காரும்.

இதைத்தான் யாருட்டயும் சொல்லிப் புரியவைக்க முடியல அண்ணாச்சி. சத்தம் இல்லாத இடம்னா எனக்கு இப்ப பயம். ஆட்கள் கோயில் குளத்துல முங்குனா நிம்மதியா இருக்குங்காங்க. நான் போய் முங்குனேன். தண்ணிக்குள்ள வேற எதுவுமே இல்ல, அது மட்டும்தான் இருந்துது, என் தலை பூராவும் அதுவா இருந்துது. அலறிக்கிட்டு மேல வந்துட்டேன். படித்துறையில துவைச்சிக்கிட்டு இருந்த அக்கா பாம்பான்னு கேக்காங்க. என்னன்னு சொல்ல. இப்ப படுக்கும்போது ஃபேனைப் போட்டு, ரேடியோவையும் ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வச்சி, அந்தக் கரகரப்புலதான் கண்ணசருவேன். இடது காதைத் தலையணையில புதைச்சுக்கிட்டுப் படுப்பேன். வலது காது அவருக்கு. பேசிக்கூடப் பார்த்தேன், தெரியுமா? என்ன வேணும் சாமி, கெடா வேணுமா, சேவல் வேணுமா, ஆமான்னா கொஞ்சம் கூட்டும், இல்லன்னா கொஞ்சம் குறையும்னு. ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். நான் கேக்காமலும் கூடும். அதுதான் கணக்குப் பிடிபடல.

பிள்ளை பிறந்தா. பொம்பளப் பிள்ளை. தன்ஷிகான்னு பேரு, மாரிச்செல்வி வச்சா, எனக்கு வாயில நுழைய ஒரு வாரம் ஆச்சு. அந்தப் பிள்ளையப் பத்தி ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. நீங்க எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருப்பிய. ராத்திரியில அழாத பிள்ளையப் பார்த்திருக்கியளா? எம்பிள்ள அழாது. பிறந்ததுல இருந்து ஒருநாள் என்னை எழுப்புனது கிடையாது. அடுத்த வீட்டுக்காரி கூட நேத்து கேலி பண்ணுதா, "உன் மகளும் மேளம்தான் அண்ணே, தெரு முழுக்கக் கச்சேரி"ன்னு. பொறாமை. சாமி இருக்கிற வீடு, பிள்ளை அமைதியாத்தான இருக்கும். ஆனா இந்த மாரிச்செல்வியைப் பாருங்க, கண்ணெல்லாம் உள்ள போயி, உக்காந்த இடத்துல தூங்கி விழுதா. என்னட்டி ஒடம்புக்குன்னு கேட்டா, என்னையவே பார்த்துக்கிட்டு இருக்கா.

அவதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. திருநெல்வேலியில காது டாக்டர். ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள வச்சி அடைச்சிட்டாங்க. ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நான் அமுக்குனேன். விடவே இல்ல. அந்தப் பொண்ணு கதவைத் திறந்துட்டு வந்து, "அண்ணே, கேட்டா மட்டும் அமுக்குங்க"ங்குது. கேட்டுக்கிட்டுத்தானம்மா இருக்குன்னேன். "நான் இன்னும் ஒண்ணுமே போடலண்ணே"ங்குது. பார்த்தியளா. நான் மாரிச்செல்வியைக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். அவ தலையில கையை வச்சிக்கிட்டா.

பொறவு டாக்டர் ஒரு படம் காட்டுனாரு, கோடு போட்டு. சமமா வந்து வந்து, ஒரு இடத்துல பொசுக்குனு கீழ விழுது, மலையில இருந்து ஆடு உருண்ட மாதிரி. "இது நரம்பு. போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கிடுங்க"ன்னாரு. சின்ன வயசுக்காரர்தான், நல்லாப் பேசுனாரு. மேளத்தை விடச் சொல்லல. கொஞ்ச மாசம் ஓய்வு, பொறவு அடைப்பான் வச்சிக்கிட்டு அடிங்கன்னாரு. காதுக்குள்ள மாவு மாதிரி ஒண்ணை ஊத்தி, அச்சு எடுத்து, எனக்குன்னே ஒரு சோடி செஞ்சு குடுத்தாங்க. இன்னா, சட்டைப் பையில இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும். தொட்டுப் பாருங்க, பரவாயில்ல, கழுவினதுதான்.

சாமி விசயத்தை டாக்டர்ட்டச் சொல்லல. படிச்சவரு, சங்கடப்படுவாரு.

அவ சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வச்சிக்கிட்டுப் போனேன் அண்ணாச்சி. ஐயோ, அந்தக் கொடுமையை என்ன சொல்ல. மாமா தவுல் பக்கத்து ஊர்ல கேக்குற மாதிரி இருக்கு. என் மூச்சு எனக்கே இரையுது. வெத்தலை மெல்லுதது மண்டைக்குள்ள நெல்லு குத்துற மாதிரி இருக்கு. செட்டுல உள்ளவனுக கேலிக்குக் கேக்கணுமா? "மாப்ள, காதுல என்ன, சட்னி வச்சிருக்க?" "ஏ லே, பொண்ணு வீட்டுல கம்மல் போட்டாங்களோ?" மாமா மட்டும் கேலி பண்ணல. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "எங்காலத்துல இது கிடையாதே லே"ன்னாரு. அதோட சரி. நான் அதைக் கேலின்னுதான் எடுத்துக்கிட்டேன்.

ஆனா அதெல்லாம் பெருசு இல்ல. வெளிச்சத்தம் குறைஞ்சதும் உள்ள உள்ளவரு எகிறிட்டாரு. அடைச்சுப் போட்டா யாருக்குத்தான் கோவம் வராது? மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதுக்குள்ள பிடுங்கிட்டேன்.

இன்னொண்ணு. எங்க செட்டுல ஜால்ரா தட்டுற தாளக்காரன் பரமுன்னு ஒருத்தன். கொஞ்ச நாளாவே அவன் தாளம் போடுறதே இல்ல அண்ணாச்சி. சும்மா கையை மட்டும் ஆட்டுதான். வாயி வேற சிரிக்கி. நான் நேராவே கேட்டுட்டேன், என்ன பரமு, கூலியை வாங்கிட்டு நடிக்கியான்னு. அவன் தாளத்தை என் மூஞ்சிக்கு நேரா வச்சி ரெண்டு தட்டு தட்டுதான். தட்டுறது தெரியுது. சத்தம் வரல. கள்ளப்பய, எப்படியோ சத்தம் வராம தட்டப் பழகியிருக்கான். சட்டையைப் பிடிச்சிட்டேன். மாமாதான் விலக்கிவிட்டாரு. மாமா கண்ணுல தண்ணி. எதுக்குன்னு எனக்குத் தெரியல, வயசாயிட்டா எதுக்கெடுத்தாலும் கண்ணு கலங்குது.

இப்ப இன்னைக்கு விசயத்துக்கு வாரேன். ஒட்டங்குளத்துக்காரங்களுக்குக் கொடை சரியா நடக்கலன்னு வருசம் பூரா மனசுல குறை. மழை சரியா இல்ல, ரெண்டு மாடு செத்துப்போச்சு. அங்க தர்மகர்த்தா வரைக்கும் என் காது விசயம் எட்டி, என்னையக் கூப்பிட்டு விசாரிச்சாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். லிங்கதுரை பஞ்சு வச்சதை மட்டும் சொல்லல, அவனுக்கு வாக்கு குடுத்திருக்கேன்லா. அவரு எல்லாத்தையும் கேட்டாரு. பொறவு எந்திச்சுத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாரு. எனக்குக் கட்டிக்கிட்டாரு அண்ணாச்சி. எனக்குன்னா, உள்ள இருக்கிறவருக்கு. பம்பை அடிக்கிறவன் முன்னால ஒரு தர்மகர்த்தா துண்டை இடுப்புல கட்டி எங்கயாவது பார்த்திருக்கியளா? எங்கப்பாவைக் கோயில் படிக்கு மேல ஏத்த மாட்டாங்க.

"இங்க இருந்துதான வந்தாரு, இங்கயே கொண்டாந்து விட்டுருப்பா"ன்னாரு. உச்சிக்கொடையில நடுவுல லிங்கதுரை நிப்பான். அவன் முதுகோட முதுகு ஒட்டி நான் நிக்கணும். எங்க செட்டு எங்க ரெண்டு பேரையும் சுத்தி அடிக்கணும். என் காதுல இருந்து எடுத்து அவன் காதுல விடுற மாதிரி. நேரம் காலம் கிடையாது, போற வரைக்கும் அடிக்கணும். மாமா முதல்ல முடியாதுன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு, வேண்டாம் ஐயான்னு. அந்த ஊர்க் கொடையை விட்டா செட்டுக்கு அந்தப் பக்கம் வேற ஒரு கோயிலும் கிடைக்காது. பொறவு சரின்னுட்டாரு.

லிங்கதுரைக்கு நான்தான் ஃபோன் போட்டுச் சொன்னேன். தம்பி, இந்தத் தடவை கதவை அடைச்சிராதன்னு. அவன் என்ன சொல்லுதான்னா, "எங்க ஃபேக்டரியில பஞ்சு வைக்காம நின்ன பழைய ஆட்கள் எல்லாருக்கும் உனக்குக் கேக்கிற சத்தம் கேக்குது கொம்பையா. அவங்க காதுலயெல்லாம் எந்தச் சாமி இருக்கு?" நான் கேட்டேன், ஒசூர்ல என்னென்ன சாமி இருக்கோ, நமக்கு என்ன லே தெரியும்? அவன் ஃபோனை வச்சிட்டான். இன்னைக்கு அவனை நடுவுல நிப்பாட்டுறதுக்கு முன்னாடி அவன் காதுல விரலை விட்டுப் பார்த்துரணும். இல்லன்னா இவரு எங்க போவாரு?

மாரிச்செல்வி நேத்துல இருந்து சாப்பிடல. காலையில நான் சட்டையை மாட்டும்போது பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னுக்கிட்டா. என் முகத்துக்கு நேரா நின்னு, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னா. இப்பல்லாம் அப்படித்தான் பேசுதா, மக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுற மாதிரி. "அந்த நடுவுல நீங்க நிக்கக் கூடாது. போகாம இருங்க. இல்லன்னா அந்த அடைப்பானை வச்சிக்கிட்டு நில்லுங்க. ரெண்டும் இல்லன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன். செவுடனுக்குச் சோறு போட எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, ஆனா தெரிஞ்சே செவுடா ஆகப்போற ஆளை நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அடைச்சிக்கிட்டு நின்னா அவரு எப்படிட்டி வெளிய போவாருன்னு கேட்டேன். உள்ள வர ஒரு வழி, வெளிய போகவும் அதே வழிதான. இது கூட அவளுக்குப் புரியல.

பிள்ளை வாயைத் திறந்துக்கிட்டு இருந்துது. முகமெல்லாம் சிவந்து, கண்ணுல தண்ணி. கொட்டாவி விடுதுன்னு நினைச்சேன். தாடையைப் பிடிச்சுக் கொஞ்சிட்டு வந்துட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா அண்ணாச்சி, வேற யாருட்டயும் சொல்லல. போன வாரத்துல இருந்து இடது காதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. இதுல. நீங்க பேசுற காதுல. அது வேற மாதிரி, மெல்லிசா, பொம்பளை முனங்குற மாதிரி. அம்மன் வந்துட்டான்னு நினைக்கேன். அவரு தனியா இருந்தாருல்லா. தர்மகர்த்தாட்டச் சொன்னா இன்னும் சந்தோசப்படுவாரு. எனக்குத்தான், என்னமோ தெரியல, அதை நினைச்சா ராத்திரி ரேடியோவை இன்னும் கூட்டி வைக்கேன். சந்தோசமா இருக்கிறவன் அப்படிச் செய்வானா அண்ணாச்சி?

இருங்க, ஃபோன் அடிக்கி. தொடையில அதிருது. மாரிச்செல்விதான். ஏட்டி, சொல்லு... ஆங்... என்னது... சவம், ஒண்ணும் விழல. இப்பல்லாம் டவரே இல்ல, எல்லாரும் வாய்க்குள்ள துணியை வச்சிக்கிட்டுப் பேசுற மாதிரிதான் கேக்குது. அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க வாங்கிக் கேளுங்களேன். கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. ஒண்ணும் நினைக்க மாட்டா. பஸ்ல பக்கத்துல இருக்கிற அண்ணாச்சின்னு சொல்லுங்க.

என்ன சொல்லுதா? அடைப்பானை வச்சிருக்கேனான்னா? வச்சிருக்கேன்னு சொல்லிருங்க. பையிலதான இருக்கு, பொய் இல்லல்லா. சொல்லுங்க அண்ணாச்சி. என்ன என் காதையே பாக்கிய? சொல்ல மாட்டியளா?

சரி. வேற என்ன சொல்லுதா? எங்க இருக்காளாம்?

பஸ் ஸ்டாண்டுலயா.

பையோட போயிட்டாளா. அவங்க அம்மா வீட்டுக்கா. பிள்ளையையும் தூக்கிட்டா.

பின்னால அது என்ன, யாரு அழுறாங்கன்னு கேக்கிய? அழுகைச் சத்தமா? வேற யாரு பிள்ளையாவது இருக்கும் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல எத்தனை பிள்ளை இருக்கும். நல்லாக் கேளுங்க. ரொம்பப் பக்கத்துல கேக்குதா? அவ மடியிலயா?

அது அழாதே.

குடுங்க ஃபோனை. இந்தக் காதுல வைக்கேன். அந்தக் காதுல வைக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லயே. 'ங்ங்ங்ங்'. அவ்வளவுதான் இருக்கு. நெசமாவே உங்களுக்குக் கேக்குதா? எப்படி அழுது? பசிச்ச அழுகையா, பயந்த அழுகையா? எங்கிட்டச் சொல்லுங்களேன், பிள்ளை எப்படி அழும்னு. நான் கேட்டது இல்ல.

வச்சிட்டாளா.

ஒட்டங்குளம் விலக்கு வந்துட்டு. இறங்கணும். கண்டக்டர், இறங்கணும். கையை விடுங்க அண்ணாச்சி, பஸ் நிக்காது. என்ன, நேரா அவ அம்மா வீட்டுக்குப் போங்கியளா? இந்தக் காதோட எப்படிப் போக? போய் வாசல்ல நின்னு கூப்பிட்டா, அவ உள்ள இருந்து வாங்கன்னு சொல்லுதாளா, போங்கன்னு சொல்லுதாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? முதல்ல இதைக் கொண்டுபோய் அங்க விட்டுருதேன். விட்டுட்டுக் காலையில மொத பஸ்ல போவேன். அது அழுறதைக் கேப்பேன். உக்காந்து நல்லாக் கேக்கணும்.

அவரு போகலைன்னாவா கேக்கிய?

போகலைன்னா வீட்டுல வேற யாரும் இல்லல்லா இப்ப. அவரும், அந்தப் பொம்பளைச் சத்தமும், நானும். மூணு பேரு கிடப்போம். வாரேன் அண்ணாச்சி. நீங்க என்னமோ சொல்லுதிய, வாய் அசையுது. பஸ் கிளம்பிட்டு, ஒண்ணும் விழல.